ஜென்னே: மாலி நாட்டு மண் ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜென்னே எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

மேற்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத மாலி நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. நைஜர் ஆறும் அதன் துணையாறான பானியும் சேருவதற்கு முன்னால் பரந்து கிடக்கும் வெள்ளச் சமவெளியில் ஒரு மேடு. அந்த மேட்டின் மேல்தான் ஊர். ஊர்ப் பரப்பு ஏறக்குறைய 70 ஹெக்டேர், அதாவது 170 ஏக்கர். நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய ஏரியின் ஆயக்கட்டுக்குள் அடங்கிவிடும். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சுற்றியுள்ள பத்து கிராமங்களையும் சேர்த்து 32,944 பேர்.

தலைநகர் பாமாக்கோவிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 570 கி.மீ. செகு, சான் ஊர்களைத் தாண்டி, மொப்தி போகும் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பானி ஆற்றைப் படகுத் துறையில் கடந்து வரவேண்டும்.

எல்லாப் படத்திலும் வரும் அந்த மண் மசூதிக்கு வயது என்ன?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சரிதான். அந்த இடத்தில் மசூதி வந்து ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊரின் அரசர் கொய் கொன்போரோ இஸ்லாத்தைத் தழுவி, தம் அரண்மனையை இடித்துவிட்டு அங்கே தொழுகைக் கூடம் எழுப்பினார் என்பது ஊர் வரலாறு. இன்று நிற்கும் கட்டடம் 1907-இல் முடிந்தது. அதன் மேற்பூச்சுக்கு வயது பெரும்பாலும் ஒரு வருடம்கூட இராது.

மண் கட்டடத்தில் வயதைத் தனியாக எடுத்துப் பேசுவதில் பொருளில்லை. கல் கோயில் போல ஒருமுறை கட்டிவிட்டுப் போய்விட முடியாது. ஆண்டுதோறும் கை வைத்தால்தான் நிற்கும். ஆகவே ‘எப்போது கட்டியது’ என்பதைவிட ‘யார் பூசுகிறார்கள், எப்போது, எதைக் கொண்டு’ என்று கேட்டால் ஜென்னேயைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

பழைய மசூதி என்ன ஆயிற்று?

மழையில் கரைந்தது. கரையட்டும் என்று விடப்பட்டது என்பதே சரி. 1819 வாக்கில் ஊரைப் பிடித்த, இப்பகுதியின் மாசினா அரசை ஆண்ட செக்கு அமாது கண்டிப்பான சமயச் சீர்திருத்தக்காரர். பெரிய, ஆடம்பரமான மசூதி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மசூதியை இடிப்பது பாவம். அதனால் பராமரிப்பை நிறுத்தி, கூரைத் தூம்புகளை அடைத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். மொட்டைமாடியில் தேங்கிய மழைநீர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. 1834-1836 காலத்தில் வேறோர் இடத்தில் தாழ்வான, எளிய மசூதி ஒன்றை அவர் கட்டினார்.

1828 மார்ச்சில், முஸ்லிம் பயணி போல வேடமிட்டு வந்த பிரெஞ்சுக்காரர் ரெனே காயே பழைய மசூதியைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் கூடு கட்டி நாற்றமெடுத்துக் கிடந்த பெரிய கட்டடம் என்று அவர் எழுதிவைத்தார். அது முழுதாய் விழுமுன் பார்த்து எழுதிய ஐரோப்பியர் அவர் ஒருவர்தான்.

1893 ஏப்ரலில் லூயி ஆர்ஷினார் தலைமையிலான பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தது. 1906-இல் பழைய இடத்திலேயே மசூதியை மீண்டும் கட்டவும், செக்கு அமாதுவின் மசூதி இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் அமைக்கவும் ஏற்பாடாயிற்று. கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா த்ராவோரே வேலையை நடத்தினார். கட்டாய உழைப்பும் அதில் உண்டு. வெளிச்சுவர்கள் பழைய தடத்தையே பின்பற்றுகின்றன. மெக்கா நோக்கிய கிழக்குச் சுவரில் மூன்று பெரிய கோபுரங்களைச் சரிசமமாக வைத்தது மட்டும் புதிது என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வடிவமைத்ததா, உள்ளூர்க் கொத்தனாரின் கைவேலையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சுவரைப் பார்த்தால் கொத்தனார் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. 1910-இல் வந்து பார்த்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஃபெலிக்ஸ் துபுவாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. முள்ளெலிக்கும் தேவாலய ஆர்கன் இசைக்கருவிக்கும் பிறந்தது என்று கேலி செய்தார்.

அளவுகள் என்ன? உள்ளே எப்படி இருக்கும்?

75 மீட்டருக்கு 75 மீட்டர் மேடை. சந்தைத் திடலின் மட்டத்திலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம். வெள்ளத்துக்கான முன்னெச்சரிக்கை அது. ஏறிப்போக ஆறு இடங்களில் படிக்கட்டு. கிழக்குச் சுவரில் மூன்று கோபுரங்கள். நடுக்கோபுரம் சுமார் 16 மீட்டர். உச்சிக் கூம்புகளில் தீக்கோழி முட்டை பொருத்தியிருப்பார்கள். தொழுகைக் கூடம் 26 மீட்டருக்கு 50 மீட்டர். அதன் பின்னே 20-க்கு 46 மீட்டர் திறந்த முற்றம். கூரையைத் தாங்க 90 தடித்த மண் தூண்கள். கூடத்தில் பாதி இடத்தைத் தூணே எடுத்துக்கொள்ளும். சன்னல் சிறிது, வெளிச்சம் குறைவு, தரை வெறும் மணல். கூரையில் வரிசையாகக் காற்றுத் துளைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுட்ட மண் மூடி. சூடு ஏறினால் மூடியை எடுத்துவிடுவார்கள், மழை வந்தால் கவிழ்த்துவிடுவார்கள்.

சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள் எதற்கு?

நிரந்தரச் சாரம் அது. ‘தோரோன்’ என்று பெயர். பனங்கட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சுவருக்குள் செருகி, சுமார் 60 செ.மீ. வெளியே நீட்டி விட்டிருப்பார்கள். ஆண்டுப் பூச்சின்போது ஆட்கள் அவற்றின் மேல் கால் வைத்து ஏறி வேலை செய்வார்கள். சவுக்குக் கம்பு கட்டிச் சாரம் போடும் செலவு மிச்சம். அழகும் சேர்ந்துகொண்டது.

மரம் நமக்கு அந்நியமல்ல. நம் பனைமரத்தின் நேர் உறவான ஆப்பிரிக்கப் பனை அது. அடிமரத்தின் நடுவே ஒரு புடைப்பு இருக்கும். கரையான் எளிதில் தொடாது என்பதால் உத்திரமும் அதுவே, தோரோனும் அதுவே. ஆனால் பனங்கட்டை ஓரளவு நீளத்துக்கு மேல் போனால் மண் கூரையின் கனத்தில் தொய்ந்துவிடும். ஜென்னே வீடுகளில் அறைகள் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். அகலத்தை மரம் முடிவு செய்கிறது, வீட்டுக்காரர் அல்ல.

மண்கல் எப்படிச் செய்கிறார்கள்?

ஆற்றோரத்தில், வெள்ளம் வடிந்தபின். மண்ணை வெட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, மர அச்சில் அடைத்துத் தட்டி எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைப்பார்கள். சூளை கிடையாது. வழக்கமான அளவு 36 × 18 × 8 செ.மீ. அடுக்கும்போது இடையே 2 செ.மீ. மண் சாந்து.

1930-கள் வரை அச்சே இல்லை. ‘ஜென்னே ஃபெரே’ என்ற உருளைக் கல்லைக் கையாலேயே உருட்டிச் செய்தார்கள். உருளைகளுக்கு இடையே சாந்து நிறையப் பிடிப்பதால் அந்தச் சுவர் தடிமனாக, ஒரே திரளாக இறுகும். பழைய வீட்டை உள்ளூர்க் கொத்தனார் பாராட்டும்போது முதலில் தட்டிப் பார்ப்பது இந்தக் கல்லைத்தான். சதுர அச்சுக் கல் வேகமாகக் கட்ட உதவியது, சுவரை மெலிதாக்கியது. அதற்கான விலை மழைக்காலத்தில் தெரியும்.

மேற்பூச்சுக் கலவை எப்படித் தயாராகிறது?

மண்ணைக் குழைத்தவுடன் பூசினால் வெடித்துவிடும். அதைப் புளிக்க வைக்க வேண்டும். படிகள் இவை:

ஆற்று நீர் வடிந்த பள்ளங்களிலிருந்து களிமண் கலந்த வண்டலை எடுத்து ஊருக்குள் குழிகளில் கொட்டுவார்கள். அதோடு அரிசி உமி சேர்த்து, மூழ்குமளவு தண்ணீர் விட்டு, நாட்கணக்கில், முடிந்தால் வாரக்கணக்கில் ஊறப் போடுவார்கள். இடையிடையே சிறுவர்கள் குழிக்குள் இறங்கி மிதித்துக் குழப்பிவிடுவார்கள். அவர்களுக்கு விளையாட்டு, கலவைக்குக் கிளறல். உமி அழுகும்போது கலவை கறுத்து, நாறி, பசைபோல் இழுபடத் தொடங்கும். நாற்றம் வந்தால்தான் பதம். சிறப்பான பூச்சுக்கு ஷியா வெண்ணெய் (ஷியா மர விதையின் கொழுப்பு), பெருக்கமரக் (பாவோபாப்) காயின் மாவு போன்றவற்றைச் சேர்ப்பதும் உண்டு. நீர் எளிதில் இறங்காது.

பூசுவது கையால். பழைய பூச்சில் பொருக்குத் தட்டியதைத் தட்டி எடுத்து, சுவரை நனைத்து, கலவையை உள்ளங்கையால் அறைந்து, விரலை விரித்து வில் வடிவில் இழுத்துவிடுவார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஆளின் கை வீச்சும் தனித்தனி அரைவட்டமாய்த் தெரியும்.

பூச்சு எங்கே, ஏன் கெடுகிறது?

பொதுவான கோளாறுகள் இவை. சுவரை நனைக்காமல் பூசினால் உலர்ந்த சுவர் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சு பத்தை பத்தையாகக் கழன்று விழும். களி அதிகமானால் பாளம் பாளமாக வெடிக்கும். மணல் அதிகமானால் முதல் மழையிலேயே கரையும். உமி குறைந்தாலும் வெடிப்புத்தான். காய்வதற்குள் மழை பிடித்தால் அத்தனையும் வீண்.

சுவர் கெடும் இடங்களும் தெரிந்தவையே. முதலாவது கைப்பிடிச் சுவரின் தலை. இரண்டாவது தூம்பு. மொட்டைமாடியின் நீரைச் சுவரைத் தொடாமல் தள்ளிவிடச் சுட்ட மண் குழாய்கள் நீட்டியிருக்கும். ஒரு குழாய் உடைந்து ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால், அதன் கீழே சுவரில் ஆள் முழங்கை நுழையும் வாய்க்கால் விழுந்துவிடும். மூன்றாவது சுவரடி, கூரை நீர் தெருவில் விழுந்து தெறித்துத் தெறித்து அடியை அரிக்கும். சேதம் மேலே தொடங்கினாலும் வீடு விழுவது பெரும்பாலும் அடி மெலிந்த பிறகுதான்.

வேறொரு கோளாறும் உண்டு: பூச்சுக்கு மேல் பூச்சு ஏற்றிக்கொண்டே போவது. சுவரில் அது தடிமனைத்தான் கூட்டும். கூரையில் பாரத்தைக் கூட்டும். பனை உத்திரம் ஒருநாள் கைவிட்டுவிடும்.

மசூதிக்குப் பூசும் நாள் எப்போது? எப்படி நடக்கிறது?

கோடை உச்சத்தில், மழைக்கு முன். பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில். நாளை முன்கூட்டியே நாட்காட்டியில் குறிக்க முடியாது. ஆற்று மட்டம், மண்ணின் பதம், வானம் மூன்றையும் பார்த்துக் கொத்தனார்களும் ஊர்ப் பெரியவர்களும் முடிவு செய்வார்கள். பிரெஞ்சு மொழியில் ‘கிரெப்பிசாஜ்’ என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அன்று விடியற்காலையிலேயே வேலை தொடங்கும். முதல் கூடை மண்ணை மசூதிக்கு யார் கொண்டுசேர்ப்பது என்று ஓட்டப்பந்தயம். ஜொபோரோ, யொபுகைனா என்ற இரு பகுதிகளுக்கிடையே போட்டி வேறு. பெண்களும் சிறுமியரும் தலையில் தண்ணீர் சுமந்து வருவார்கள். இளைஞர் கூடையில் மண் சுமப்பார்கள். பனையேணியில் ஏறி, அங்கிருந்து தோரோனுக்குத் தாவிப் பூசுவார்கள். பூச்சு சுவரில் பிடித்துவிட்டதா, தடிமன் சரியா என்று பார்ப்பது ‘பரே தோன்’ என்ற கொத்தனார் சங்கத்தின் பொறுப்பு. முதியவர்கள் திடலில் முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்பார்கள், அறிவுரைக்கும் பஞ்சமிருக்காது. இளைஞர் பூசியதில் மேடு பள்ளம் இருந்தால் பிறகு கொத்தனார் சரிசெய்வார்.

மண்ணிலேயே குளித்தது போலத்தான் எல்லோரும் வீடு திரும்புவார்கள். யாருக்கும் கூலி கிடையாது.

கொத்தனார்கள் யார்?

பெரும்பாலும் போசோ வம்சத்தினர். போசோக்கள் ஆற்று மக்கள், மீன் பிடிப்பவர்கள். இரண்டு தொழிலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. வெள்ளக் காலத்தில் மண்வேலை நடக்காது. வறண்ட காலத்தில் கட்டட வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறையாய் ஒரு கொத்தனார் குடும்பம் உண்டு. வீட்டுக்காரர் நினைத்தவுடன் வேறு ஆளை வைத்துக்கொள்ள முடியாது. கொத்தனாரும் அந்த வீட்டைக் கைவிட முடியாது. அடிக்கல் போடும்போது தானியம் புதைப்பார்கள், குர்ஆன் வசனத்தோடு தொழில் மந்திரமும் ஓதுவார்கள். ஏணியிலிருந்து ஆள் விழாமலிருக்க ஓதும் ஓதல், மகனுக்கும் சீடனுக்கும் மட்டும் சொல்லித்தரும் சொத்து.

ஊர் நிற்பதற்கே ஒரு போசோப் பெண்ணின் பலி காரணம் என்று ஒரு கதை வழங்குகிறது. கட்டக் கட்டச் சுவர் விழுந்ததாம். தபாமா என்ற கன்னிப் பெண்ணைச் சுவருக்குள் உயிரோடு வைத்துக் கட்டிய பிறகே நின்றதாம். அவள் சமாதி என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

2009-இல் கோபுரம் ஏன் விழுந்தது?

அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று, 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை கொட்டி, கிழக்குச் சுவரின் தென்கோபுரத்து மேற்பகுதி சரிந்தது. ஆண்டு முழுவதுமே சுமார் 550 மி.மீ. மழை பெய்யும் ஊர் அது. மழைக்காலம் வழக்கமாக அக்டோபரோடு முடிந்துவிடும். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அகா கான் அறக்கட்டளையின் உதவியோடு கோபுரம் திரும்பக் கட்டப்பட்டது.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 2006 செப்டம்பரில், அதே அறக்கட்டளையின் ஆட்கள் கூரையைச் சோதிக்கத் தோண்டியபோது ஊரில் கலவரமே வெடித்தது. நிபுணருக்கு அது கூரைச் சோதனை. ஊராருக்கோ, கேட்காமல் தம் வீட்டுக் கூரையைத் தோண்டுவது.

சிமெண்ட் பூசிவிட்டால் தொல்லை தீராதா?

தீராது, கூடும். மண் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் விறைப்பானது, ஈரத்தை விடாது. எங்காவது ஒரு மயிரிழை வெடிப்பில் இறங்கிய நீர் உள்ளேயே தங்கி, பின்னாலிருக்கும் மண்ணைச் சேறாக்கும். வெளியே பார்க்க நன்றாயிருக்கும், ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து வரும்.

இருந்தும் பலர் முகப்பில் சுட்ட மண் ஓடு பதிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பூச்சுக்கு உமி வேண்டும். 1970, 80-களின் வறட்சிகளுக்குப் பிறகு நெல் விளைச்சல் படுத்து, உமிக்கும் விலை வந்துவிட்டது. மாட்டுக்கும் அதுவே தீனி. ஆண்டுதோறும் மண், உமி, கொத்தனார் கூலி என்று கையைக் கடிக்கும்போது, ஒருமுறை ஓடு பதித்துவிட்டு நிம்மதியாய் இருக்கத்தான் எவருக்கும் தோன்றும். யுனெஸ்கோவோ ஓடு கூடாது என்கிறது. 1988 முதல் ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது, ஆனால் பூசும் செலவு வீட்டுக்காரர் தலையில். 1996-க்குப் பின் சில ஆண்டுகள் நெதர்லாந்து அரசின் பணத்தில் சுமார் 100 வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. பணம் நின்ற பிறகு பூச்சு யார் செலவு என்ற கேள்வி அப்படியே திரும்பி வந்தது.

குடிநீர், சாக்கடை வசதி உண்டா?

1980-களில் வெளிநாட்டு உதவியில் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கழிவுநீர் போக வழி மட்டும் செய்யவில்லை. கிணற்றில் இறைத்துச் சிக்கனமாய்ப் புழங்கிய காலத்தில் இல்லாத தொல்லை தொடங்கியது: குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தெருவில் ஓடின. குறுகிய மண் தெரு, இருபுறமும் மண் சுவர்; சுவரடி ஈரத்தில் ஊறுவதைவிடக் கெடுதி வேறில்லை. பிறகு ஜெர்மானிய உதவியுடன் வீட்டு வாசலுக்கு வெளியே உறிஞ்சு குழிகள் தோண்டி, நீர் அங்கேயே மண்ணுக்குள் இறங்க வழி செய்தார்கள்.

வெள்ளக் காலத்தில் ஊர் என்ன ஆகும்?

தீவாகும். ஜூன்-ஜூலையில் மழை தொடங்கும். மேற்கே, தெற்கே பெய்த மழையும் சேர்ந்து ஆறு ஏறி, அக்டோபர் வாக்கில் உச்சம். கரைப்பாதை வழியே மட்டும் போக்குவரத்து, மற்றதெல்லாம் ஓடம்.

இந்த வெள்ளத்தை நம்பித்தான் பிழைப்பு. ஆப்பிரிக்க நெல் என்ற தனி இனம் இங்கே பயிராகிறது. ஆசிய நெல்லோடு தொடர்பின்றி நைஜர் சமவெளியிலேயே பழக்கப்பட்டது. முதல் மழையில் விதைத்துவிடுவார்கள். வெள்ளம் ஏற ஏறத் தண்டும் நீளும். மழை தாமதித்தால் முளை கருகும். முளை வளருமுன் வெள்ளம் முந்திக்கொண்டால் மூழ்கி அழுகும். நீர் வடியும்போது ‘பூர்கு’ என்ற நீர்ப்புல் வெளிகளில், மேய்ச்சல் மக்களான ஃபுலானிகளின் மாடுகள் இறங்கும். குட்டைகளில் போசோக்களின் வலை இறங்கும். ஒரே நிலத்தை மாதத்துக்கு ஒருவராய் மூவர் பயன்படுத்துகிறார்கள். யார் எப்போது இறங்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் விதிகளை வகுத்துவைத்தவர் மசூதியைக் கரையவிட்ட அதே செக்கு அமாது.

பானியின் மேற்பகுதியில் தாலோ அணை வந்த பிறகு, கீழ்ப்பகுதியில் வெள்ளம் குறைவது பெரிய குறையாகப் பேசப்படுகிறது. வெள்ளம் குறைந்தால் நெல்லோடு மீனும் புல்லும் குறையும். பூச்சுக்கான வண்டலும் உமியும்கூட.

யார் யார் வசிக்கிறார்கள்? என்ன மொழி?

ஊருக்குள் சோங்காய் மொழியின் ஒரு வட்டார வழக்கு, ‘ஜென்னே சீனி’. சுற்றுக் கிராமங்களில் போசோ, ஃபுலானி, பம்பாரா மொழிகள். மீன் போசோவுக்கு, மாடு ஃபுலானிக்கு, சிறுதானியம் பம்பாராவுக்கு, நெல்லும் வணிகமும் மார்க்காவுக்கு என்று தொழில் பிரிவினையும் மொழிப் பிரிவினையும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். சந்தைக்கு வருகிற எவரும் இரண்டு மூன்று மொழிகள் பேசுவது சாதாரணம்.

திங்கட்கிழமைச் சந்தை எப்படி?

மசூதியின் கிழக்குச் சுவருக்கு எதிரே, முன்பு குளமாக இருந்த இடத்தில் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர் அதைத் தூர்த்துத் திடலாக்கினார்கள். முந்தின நாளே ஓடங்களும் கழுதை வண்டிகளும் வரத் தொடங்கும். உலர்ந்த மீன், புகைபோட்ட மீன், நெல், கம்பு, ஷியா வெண்ணெய், வெங்காயம், கலயங்கள், துணி, பாளமாய் வெட்டிய சகாரா உப்பு. பணம் மேற்கு ஆப்பிரிக்க பிராங்க். திங்களன்று நிற்க இடமில்லாத திடல் செவ்வாயன்று பந்து விளையாடும் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

ஊர் பெரிதானதற்கும் உப்புதான் காரணம். வடக்கே பாலைவனத்து உப்பு டிம்பக்டுவரை ஒட்டகத்தில் வந்து, அங்கிருந்து ஆற்றில் ஏறும். தெற்கே காட்டு நாட்டிலிருந்து தங்கமும் கோலாக் கொட்டையும் வரும். இரண்டும் கைமாறிய துறை இது. பிரெஞ்சு ஆட்சியில், இரு ஆறுகளும் சேருமிடத்தில் இருந்த மொப்திக்கு வணிகமும் அலுவலகங்களும் போயின. ஜென்னே நொடித்தது. பழைய வீடுகள் இடிபடாமல் மிஞ்சியதற்கு அந்த நொடிப்பும் ஒரு காரணம்.

என்ன சாப்பிடுகிறார்கள்?

மதியம் சோறும் மீன் குழம்பும். அல்லது கம்பு மாவைக் கிண்டிய ‘தோ’. நம்மூர்க் களியின் பதம். தொட்டுக்கொள்ளப் பெருக்கமர இலைக் குழம்பு. குழம்புக்கு மணம் தருவது ‘சும்பாலா’, ஒரு மரவிதையை வேகவைத்துப் புளிக்கவிட்டு உருட்டிய கறுப்பு உருண்டை. ஒரே பெரிய கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்து வலக்கையால் உண்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் சீனத்துப் பச்சைத் தேநீர். ஒரே இலையை மூன்று முறை கொதிக்கவைத்து மூன்று சுற்று, முதலாவது கசப்பு, மூன்றாவது இனிப்பு. அவசரக்காரருக்கு ஏற்ற பானம் அல்ல.

படிப்பு?

அரசுப் பள்ளியோடு குர்ஆன் பள்ளிகளும் நிறைய உண்டு. சமயக் கல்விக்கு ஜென்னே பழம்பெயர் பெற்ற ஊர். பிள்ளைகள் மரப்பலகையில் நாணல் எழுதுகோலால் எழுதி, உரக்கப் படித்து மனப்பாடம் செய்து, பிறகு பலகையைக் கழுவி அடுத்த பாடம் எழுதுவார்கள். வெளியூரிலிருந்து வந்து ஆசிரியர் வீட்டில் தங்கும் ‘கரிபு’ பிள்ளைகள் வீடுவீடாகத் தகரக் குவளையோடு உணவு கேட்டு வருவதும் அன்றாடக் காட்சி. குடும்பங்களில் பெட்டியில் கிடந்த அரபுச் சுவடிகளைக் காக்க 2007-இல் ஒரு நூலகம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின் உதவியால் அங்கே சுவடிகளை மின்படமாக்கினார்கள். வெள்ளமும் கரையானும் உள்ள ஊரில் அது அவசர வேலை.

ஜென்னே-ஜெனோ என்பது வேறு ஊரா?

இன்றைய ஊரிலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளியுள்ள, ஆளில்லாத பழைய ஊர் மேடு. ஏறக்குறைய 33 ஹெக்டேர். அமெரிக்கத் தொல்லியலாளர் ரோடெரிக் மக்கின்டோஷும் சூசன் மக்கின்டோஷும் 1977, 1981 ஆண்டுகளில் தோண்டினார்கள். கி.மு. 250 வாக்கில் குடியேற்றம் தொடங்கியிருந்தது. இரும்பு, நெல், தாழியில் அடக்கம், பின்னாளில் சுற்றுமதில் எல்லாம் கிடைத்தன. வடக்கிலிருந்து அரபு வணிகர் வந்த பிறகே இப்பக்கம் நகரங்கள் முளைத்தன என்று அதுவரை எழுதி வந்தார்கள். அந்தக் கணக்கு பல நூற்றாண்டு தப்பு என்று இந்த மேடு காட்டியது. 1400 வாக்கில் மக்கள் முற்றும் வெளியேறி இருந்தார்கள்.

மேட்டுக்கு இப்போதுள்ள எதிரிகள் இரண்டு: மழை அரிக்கும் ஓடைகள், சுடுமண் சிலைக் கொள்ளை. இப்பகுதிச் சிலைகள் வெளிநாட்டு ஏலங்களில் விலைபோனதால் குழி தோண்டல் பெருகியது. 1993-இல் அமெரிக்கா இப்பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

2012-க்குப் பின் மாலியின் நடுப்பகுதியில் ஆயுதக் குழுக்களின் வன்முறை பரவி, சுற்றுலா அற்றுப்போயிற்று. விடுதிக்காரர், வழிகாட்டி, சேற்றுச் சாய ‘பொகொலான்’ துணி விற்பவர் எல்லோர் வருமானமும் போயிற்று. 2016-இல் யுனெஸ்கோ ஊரை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல அரசுகள் தம் குடிமக்களை மாலிக்கே போகவேண்டாம் என்கின்றன. அதை மீறிப் போகச் சொல்ல மாட்டோம். மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவருக்கு அனுமதியும் இல்லை. 1996-இல் ஒரு ஃபேஷன் பத்திரிகை உள்ளே நடத்திய படப்பிடிப்பு ஊராரைக் கொதிக்க வைத்தது. அதன் பிறகு கதவு அடைபட்டது.

இணையத்தில் கிடைக்கும் படம் எந்தக் காலத்தில் எடுத்தது என்று அறிய முடியுமா?

ஓரளவு முடியும். சுவர் கருஞ்சாம்பல் நிறத்தில், விளிம்புகள் கூராக, தோரோனின் அடியில் பூச்சு பொங்கி நின்றால் கோடைப் பூச்சு முடிந்த கொஞ்ச நாளில் எடுத்தது. கோபுரத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாய் நீர்த்தடம் விழுந்து, கூம்புகள் மழுங்கியிருந்தால் மழைக்காலம் முடிந்த நேரம். பின்னணியில் ஊரைச் சுற்றி நீர் பளபளத்தால் செப்டம்பர் முதல் நவம்பர்வரை. வானம் மங்கி, எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்தால் டிசம்பர்-மார்ச் மாதங்களின் ஹர்மத்தான் புழுதிக் காற்று. தென்கோபுரம் தலையின்றி நின்றால் 2009 நவம்பருக்குப் பின், மறுகட்டுமானம் முடியுமுன் எடுத்தது.